எல்லாக் கறுப்பும் ஒன்றில்லை

அன்று கேமராவில் முதலில் மாட்டியது ஆரஞ்சு ஃபில்டரா சிவப்பா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம்தான். மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

கொழுந்தியாள் கேமராவைத் திருப்பிக் காட்டினாள். தோட்டத்து இலையெல்லாம் ரத்தச் சிவப்பு. மாப்பிள்ளையின் கறுப்புக் கால்சட்டை பீட்ரூட் நிறம். கறுப்புக் காலுறை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"என் பேன்ட்டுக்கு என்ன ஆச்சு?"

"அகச்சிவப்பு ஒளி, அத்தான். நம்ம கண்ணுக்கு எல்லாக் கறுப்பும் ஒண்ணுதான். இந்தக் கேமராவுக்குச் சாயத்துக்குச் சாயம் வேற நிறம். அடுத்தது அப்பாவோட கறுப்புக் கோட்டு!"



மாமனார் ஓய்வுபெற்ற நீதிபதி. 'அந்தக் கோட்டைத் தொட்டவனுக்கு இந்த வீட்டுல இடமில்ல' என்பது அவர் சொன்ன தீர்ப்புகளிலேயே மேல்முறையீடு இல்லாதது. வீடும் அவருடையது. மாப்பிள்ளையோ போன வாரம் ஒரு நேர்காணலுக்குத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டு போக அதை இஸ்திரி போட்டு, வலது பாக்கெட் ஓரத்தைப் பொசுக்கிவிட்டார். ஒரு துண்டுத் துணியை ஒட்டி, மை தடவி வைத்திருந்தார். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கண்ணுக்கு!

மாமனார் கோட்டோடு வந்து நின்றார். ஓய்வுபெற்ற நீதிபதிகள் சங்க மண்டபத்தில் மாட்டப்போகும் படத்துக்கு; அதற்கு முன்னால் மகளுக்காக இந்த வினோதப் படம் ஒன்று. மாப்பிள்ளை நைசாக ஃபில்டரை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

"காணோமா? போகட்டும். இதைவிட அழுத்தமானது ஒண்ணு இருக்கு," என்றாள் கொழுந்தியாள்.

"மாமா, கையில ஒரு சட்டப் புத்தகம் இருந்தா கம்பீரமா இருக்கும். வலது பக்கமா..."

"நல்ல யோசனை மாப்ள!" மாமனார் புத்தகத்தை வாங்கி இடது மார்போடு இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"புத்தகம் வேணாம்ப்பா. எனக்குக் கோட்டுதான் முக்கியம்."

மாமனார் மனமில்லாமல்தான் இறக்கினார்.

மாப்பிள்ளை தூசி தட்டுகிற சாக்கில் நெருங்கி, ஒரு பொத்தானைத் திருகி அறுத்தார். "அடடா, பொத்தான் போச்சே! இன்னொரு நாள் எடுக்கலாமே."

"எதுக்கு இன்னொரு நாள்?" மாமியார் வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார். எதிர்க்கடைத் தையல்காரர் ஊசியும் நூலுமாக வந்தார். போட்ட கோட்டைக் கழற்றாமலே தைத்து முடித்து, வேடிக்கை பார்க்க நின்றுகொண்டார்.

கொழுந்தியாள் அழுத்தினாள். எல்லோரும் கேமராத் திரையின் மேல் குனிந்தார்கள்.

கோட்டு முழுக்க பீட்ரூட் நிறம். வலது பாக்கெட் ஓரம் ஒரு கறுப்புப் பொட்டு. இடது மார்பில், உள்ளங்கை அகலத்துக்கு, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு மாதிரியே ஒரு சாம்பல் திட்டு.

 

"சின்னது நான்தான்," என்றார் மாப்பிள்ளை. "சத்தியமா பெரிசு நானில்ல."

"எங்கப்பா ஆசையாத் தச்சுக் குடுத்த கோட்டு!" மாமியார் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "சின்னது, பெரிசு எல்லாம் நீங்கதான். வேற யாரு அதைத் தொட்டா?"

மாமனார் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பெட்டி கட்ட உள்ளே திரும்பினார்.

தையல்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்தார்.

"அவரை ஏம்மா திட்டறீங்க? பெரிசு நான் போட்ட ஒட்டு. அம்மாவுக்குத் தெரியக்கூடாது, இனி ஒருத்தரையும் இதைத் தொட விடமாட்டேன்னு, தன் கையால பொசுக்கின கோட்டை ஐயாதானே கொண்டுவந்து குடுத்தாரு!"

கோட்டு மாமியாரின் அலமாரிக்குப் போயிற்று. சாவி அவர் இடுப்பில். சங்க மண்டபத்தில் மாமனார் வெள்ளைச் சட்டையோடு தொங்குகிறார். மாப்பிள்ளை அதே வீட்டில்தான் இருக்கிறார்.