முள்ளுச் சுவரும் சாய்வு நாற்காலியும்

"இந்தச் சுவரை நானே பூசுறேன்!"

வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் இந்த வாக்கியம் நம்மவர் காதுக்கே எட்டியது. எட்டியதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மச்சான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லிவிட்ட சொல். எப்படித் திரும்ப விழுங்குவது?

நம்மவர் தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிறவர். இருபத்திரண்டு வருஷமாக இடது கையால் குத்திக் குத்தி, அந்தத் தோள்பட்டை மட்டும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். மற்றபடி வீட்டில் ஓர் ஆணி அடித்தவர் இல்லை. அவர் மனைவி தையற்காரி. தெருவில் பாதிப் பேர் அவள் தைத்ததை உடுத்துகிறார்கள். மீதிப் பேர் தைத்துத் தரச்சொல்லி வந்து காத்திருக்கிறார்கள். காத்திருப்பது நம்மவர் வீட்டுக் கூடத்தில்.

அதுதான் அவருடைய துக்கம். சொந்த வீட்டில் உட்கார இடமில்லை. ஒரு நாற்காலியில் வெட்டிய துணி, இன்னொன்றில் வெட்டாத துணி, கட்டிலில் காஜா எடுக்க வேண்டிய சட்டைகள். போன மாதம் இடுப்பில் துண்டோடு குளித்துவிட்டு வந்தவர், அளவு கொடுக்க வந்திருந்த நான்கு பெண்களைப் பார்த்துவிட்டு மறுபடி குளியலறைக்குள் ஓடி, முக்கால் மணி நேரம் ஈரத்தோடு நின்றார். தனக்கென்று ஓர் அறை, அதில் ஒரு சாய்வு நாற்காலி, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். இவ்வளவுதான் அவர் கேட்டது. நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் முன்வராந்தாவை அடைத்து அறையாக்கினார்கள். முன்பக்கம் புதுச் சுவரும் ஜன்னலும் வந்தாயிற்று. மற்ற பக்கங்கள் எல்லாம் பழைய வெளிச்சுவர். மழையைத் தாங்கட்டும் என்று கட்டியவர் சிமெண்டை வாரி இறைத்து, முள்ளு முள்ளாக நிற்கும்படி விட்டிருந்தார். சாய்ந்தால் சட்டை கிழியும். உரசினால் முழங்கை சிராயும். வீட்டில் அதற்கு முள்ளுச் சுவர் என்றே பெயர்.

"துணி பட்டா இழை இழுத்துக்கும். கொத்தனாரைக் கூப்பிட்டு வழவழன்னு பூசிட்டு, என் வெட்டுமேஜையைப் போட்டுடலாம்" என்றாள் மனைவி.

"மேஜையா? அப்ப என் சாய்வு நாற்காலி?"

"மொட்டை மாடியில போடுங்க."

"வெயில் அடிக்குமே?"

"குடை தர்றேன்."

மச்சான் சிரித்தார். "விடுங்க மாப்ளே. சுவர்னா என்ன, பூச்சுன்னா என்ன, உங்களுக்கு எதுக்கு அந்த வம்பெல்லாம்? உங்களுக்கு முத்திரைதான் லாயக்கு."

அப்போதுதான் அந்த வாக்கியம் வெளியே வந்தது.

மனைவி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "சரிங்க. வர்ற சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள உங்க கையாலயே பூசி முடிச்சா அறை உங்களுக்கு. முடியலைன்னா எனக்கு. அண்ணன் சாட்சி."

திங்கட்கிழமை சாயங்காலம் நம்மவர் ஒரு மூட்டை பட்டி மாவும், கொத்தனார்கள் பூசப் பிடிக்கிற கரணை ஒன்றும் வாங்கி வந்தார். பட்டி என்றால் சுவரில் பூசுகிற வெள்ளை மாவுதான். கடைக்காரர் ஏதோ சொல்லத் தொடங்கினார். எல்லாம் தெரியும் என்பதுபோல் நம்மவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். முள்ளைச் சுரண்ட வேண்டும், தூசியைக் கழுவ வேண்டும், சுவரை நனைக்க வேண்டும் என்றெல்லாம் அவருக்கு யார் சொன்னது? முள்ளு தெரியாத அளவுக்குக் கனமாக அப்பினால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டார். இரண்டு விரல் கனத்துக்கு அப்பினார். ஒரு பக்கச் சுவரில் பாதி முடிந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. அந்த ராத்திரி மட்டும்தான் அவர் அந்த வாரத்தில் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரின் மேல்பக்கம் லேசாக முன்னால் குனிந்தது. வணக்கம் சொல்கிறதோ என்று நினைத்தார். அடுத்த கணம் அத்தனையும் ஒரே பாளமாகக் கழன்று தொப்பென்று விழுந்தது. முள்ளுச் சுவர் பழையபடி பல்லைக் காட்டியது.

"என்னங்க சத்தம்?" என்று உள்ளேயிருந்து குரல்.

"நாற்காலி விழுந்துடுச்சு!"

"நாற்காலியெல்லாம் இங்க துணிதானே சுமந்துட்டிருக்கு. எந்த நாற்காலி?"

"அது... விழுந்தது நான்தான்!"

"அடி பட்டுதா?"

"இல்லை, இல்லை. நீ வராதே!"

அவள் காலடிச் சத்தம் வந்தது. நம்மவர் அன்றைய பேப்பரை முழுசாக விரித்து, சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு படிக்கிற பாவனையில் பிடித்தார். அவள் எட்டிப் பார்த்தாள். தரையையும் பார்த்தாள். அவர் கால் கணுக்கால்வரை வெள்ளை மாவுக்குள் இருந்தது.

"பேப்பர் தலைகீழா இருக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கு ஆபீஸில் நம்மவர் முத்திரையைத் தன் கட்டைவிரலிலேயே இரண்டு முறை குத்திக்கொண்டார். சனிக்கிழமை வரப்போகிறது. மொட்டை மாடியில், வெயிலில், குடையோடு தான் உட்கார்ந்திருப்பதும், கீழே தெருவில் மச்சான் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரிப்பதும் கண் முன்னாலேயே நின்றது.

புதன்கிழமை சாயங்காலம் அவர் வாசலில் நின்றிருந்தபோது, கையில் மட்டப்பலகையோடு ஒரு கொத்தனார் அந்த வழியாகப் போனார். போனவர் நின்றார்.

"பூச்சு வேலை ஏதாவது இருக்குங்களா சார்?"

கடவுளே நேரில் வந்து கேட்டால்கூட நம்மவருக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். "வேலை இருக்கு. ஆனா சத்தம் வரக்கூடாது. பாட்டு பாடக்கூடாது. பின்வாசல் வழியா வரணும். கரணையைக் காய்கறிப் பையில போட்டு எடுத்துட்டு வரணும்."

"சுவர்தானே பூசப்போறோம் சார்? வேற எதுவும் இல்லையே?" என்று கொத்தனார் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் ஒப்புக்கொண்டார். கூலி பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்றார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா என்று நம்மவர் உருகிப்போனார்.

வீட்டிலும் அதிர்ஷ்டம் அடித்தது. "நாளைக்கும் மறுநாளும் ஸ்கூல்ல யூனிபார்முக்கு அளவெடுக்கணும். காலைல போனா பொழுது சாயத்தான் வருவேன்" என்றாள் மனைவி. நம்மவர் முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டார். உடனே இரண்டு நாள் லீவு சொன்னார்.

கொத்தனார் வேலைக்காரர்தான். முள்ளையெல்லாம் தட்டிச் சுரண்டினார். பழைய பெயிண்டைக் கொத்திவிட்டார். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவி, நனைத்து, முதலில் பள்ளத்தையெல்லாம் சிமெண்டால் நிரப்பி மட்டம் பார்த்தார். மறுநாள் அதன்மேல் பட்டியை மெல்லிசாக ஒரு கை, அது இறுகியதும் இன்னொரு கை.

நம்மவருக்கோ ஒரு நிமிஷம் நிம்மதியில்லை. வாசலில் சைக்கிள் மணி அடித்தால் பக்கென்றது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தால் சட்டென்று குனிந்தார். கொத்தனார் தும்மப்போனபோது ஓடிப்போய் அவர் மூக்கைப் பிடித்தார்.

"சார், விட்டீங்கன்னா மூச்சு விடுவேன்" என்றார் கொத்தனார், முடிந்த அளவுக்கு.

கடைசியில் ஒரு பல்பைச் சுவரோடு ஒட்டினாற்போல் பிடித்துக் காட்டினார். "இப்படிச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் மேடு பள்ளம் தெரியும். பாருங்க, சுத்தம். கரணை போன கோடு லேசா தெரியுது. நாலு நாள் காஞ்சப்புறம் உப்புத்தாள் போட்டா அதுவும் போயிடும். இப்ப கையை வெச்சுடாதீங்க."

அவர் போனதும் நம்மவர் தலையில் ஒரு பிடி மாவைக் கொட்டிக்கொண்டார். சட்டையில் இரண்டு இடத்தில் சிமெண்டைத் தடவிக்கொண்டார். மனைவி வந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா" என்று முனகினார்.

"ஐயோ பாவம்" என்றாள் அவள். அந்தக் குரலில் அவ்வளவு இரக்கம் இருந்தது. நம்மவருக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம். நம்மவர் சாய்வு நாற்காலியைத் தூசி தட்டி, அறை வாசலிலேயே தயாராக வைத்திருந்தார். மனைவி உள்ளே வந்தாள். துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைச் சுவரில் ஓடவிட்டாள். ஒரு முள்ளு இல்லை.

"பட்டு மாதிரி இருக்குங்க."

நம்மவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளோ ஒரு விளக்கை எடுத்துவந்து சுவரோரமாகச் சாய்த்துப் பிடித்தாள். உயிர் மறுபடி போயிற்று.

"கரணைக் கோடு எல்லாம் ஒரே பக்கமா வளைஞ்சிருக்கே."

"அப்படித்தான் வளையணும். அதுதான் முறை."

"நான் கத்தரி பிடிச்சா இந்தப் பக்கம்தான் வளையும். எனக்கு வலது கை. உங்களுக்கு இடது கையாச்சே?"

நம்மவர் நெற்றியில் வேர்த்தது. தலையில் கொட்டிய மாவில் மிச்சம் இருந்தது வேர்வையோடு சேர்ந்து கண்ணில் இறங்கியது.

"பூச்சு வேலை மட்டும் எனக்கு வலது கைதான்!"

"இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதே?"

"எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது."

அவள் விளக்கைக் கீழே வைத்தாள். "சொன்னா சொன்னதுதாங்க. அறை உங்களுக்கே."

நம்மவரால் தன் காதுகளையே நம்ப முடியவில்லை. தாழ்ப்பாளைக்கூட ஒரு முறை போட்டுத் திறந்து பார்த்துக்கொண்டார். இப்படிப்பட்ட மனைவியிடமா பொய் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டார்.

"நல்லவேளை, அண்ணன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன்" என்றாள்.

"என்ன சொன்னே?"

"அவர் வீட்டு வெளிச்சுவர் முழுக்க இதே முள்ளுதானே? உங்க கைவேலையைப் பத்திச் சொன்னதும் அசந்துபோயிட்டாரு. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறாராம். சாரம்கூடக் கட்டியாச்சாம்."

"சாரமா? எத்தனை... எத்தனை மாடி?"

"ரெண்டுதான். கயிறு இடுப்புல கட்டிக்கலாமாம்."

நம்மவருக்கு நாற்காலிமேல் ஏறிப் பல்பு மாட்டினாலே தலை சுற்றும். ஆகாயத்தில், மூங்கிலில், இல்லாத வலது கையில் கரணையோடு தொங்குகிற தன்னையும், கீழே நிற்கிற மச்சானையும் நினைத்துப் பார்த்தார். சாய்வு நாற்காலியைப் பார்த்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இதை நான் பூசலை."

"எதை?"

"சுவரைத்தான்."

"பின்ன யாரு?"

"ஒரு கொத்தனார். திருட்டுத்தனமா வரவழைச்சேன். நல்லா இருப்பே, உங்கண்ணனை வரவேண்டாம்னு சொல்லு. அறை உனக்கே. மேஜையைப் போட்டுக்கோ. எனக்கு மாடியே போதும்!"

அவள் ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து, "அண்ணா, எடுத்துட்டு வாங்க!" என்று குரல் கொடுத்தாள்.

பேச்செல்லாம் கேட்கிற தூரத்தில், ஜன்னலை ஒட்டியே வண்டி நின்றிருந்தது. வெட்டுமேஜையின் ஒரு முனையைப் பிடித்தபடி மச்சான் உள்ளே வந்தார்.

"மச்சான்... சாரம்..." என்றார் நம்மவர்.

"என்ன சாரம்?" என்றார் மச்சான், ஒன்றும் புரியாமல்.

மேஜையின் இன்னொரு முனை மெல்ல வாசலுக்குள் நுழைந்தது. அதைப் பிடித்திருந்தவர் நம்முடைய கொத்தனார்.

"அம்மா, கூலிக்குப் பதிலா பேசின நம்ம பசங்க யூனிபார்ம் தைச்சாச்சுங்களா? நீங்க சொன்னபடியே புதன்கிழமை வாசல்ல போய் நின்னேன், சார் உடனே பிடிச்சுக்கிட்டாரு" என்றார் அவர். பிறகு நம்மவரைப் பார்த்து, முகம் மலரச் சொன்னார்:

"சார், எந்தக் கையா இருந்தாலும் பரவாயில்லை. வழியில கிடக்கிற அந்த நாற்காலியைக் கொஞ்சம் மாடிக்கு எடுத்துட்டுப் போயிடுங்க."