கொளஞ்சி என்று கூப்பிட ஆளில்லை

உடையார்பாளையம்
வெள்ளிக்கிழமை

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை சிவசுப்பிரமணியன் அவர்களுக்கு, உங்கள் மச்சான் கொளஞ்சி எழுதிக்கொண்டது. பெரம்பலூரில் நீங்களும் தங்கச்சி பொன்னம்மாளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், எனக்கு மட்டும் மனசு சுகமில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உங்கள் அக்கா காதில் விழுந்துவிடுகிறது. அதனால்தான் இந்த ஓய்வு பெற்ற தபால்காரன் கடிதம் எழுதுகிறேன்.

விஷயம், பேரனுக்குப் பேர் வைத்தது. முப்பத்தெட்டு வருஷம் தபால் பட்டுவாடா செய்தவனுக்கு ஒரு பேரைப் படித்தாலே அது எந்தச் சாமியிடமிருந்து வந்தது என்று தெரியும். கலியம்மாள் என்றால் கல்லங்குறிச்சி கலியபெருமாள். சிங்காரவேலு என்றால் யாரோ சிக்கலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனதும் எங்கள் அம்மா மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் தன் குறையைச் சீட்டில் பிராதாக எழுதிக் கட்டினார், அதற்குப் பிறகு பிறந்தவன் நான். கொளஞ்சிச் செடி மண்டிய காட்டில் பசு தானாகப் பால் சொரிந்த இடத்துச் சாமி என்பார்கள். செடி, பசு, சாமி, எங்கள் அம்மா அழுத அழுகை எல்லாம் என் பேரில் இருக்கிறது. என் மகன் தமிழழகனோ போனைத் தடவித் தடவி 'த்ரிஷ்விக்' என்று ஒரு பேரைப் பிடித்தான். அர்த்தம் கேட்டால் ஒரு ஆப்பில் 'வெற்றியின் வெளிச்சம்' என்கிறது, இன்னொன்றில் 'மூன்று கடல்களை அறிந்தவன்' என்கிறது, மூன்றாவதில் அது பெண்குழந்தைப் பேர். கோயில் குருக்களிடம் கேட்டதற்கு, "எனக்குத் தெரிஞ்சு எந்த பாஷையிலயும் இல்லீங்க" என்று விபூதி கொடுத்து அனுப்பிவிட்டார். தமிழழகன் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த பிறப்புச் சான்றிதழ் மனுவில் பேர் எழுதும் இடம் காலியாக இருந்தது. நான் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனவன், ஆபீஸ் வாசலிலேயே பேனாவை எடுத்துக் கொளஞ்சி என்று நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.

புத்தி கெட்டுப் போய்ச் செய்தேன் மாப்பிள்ளை. தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மா பிள்ளை பேர் என்ன என்று கேட்க, எம்.எஸ்ஸி. படித்த மருமகள் ஜெயசித்ரா தலையைக் குனிந்துகொண்டு, "எங்க மாமா பேருதாங்க" என்கிறாள். "உங்க மாமா பேரு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று அந்தம்மா உங்கள் அக்காவைப் பார்க்க, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "என் வூட்டுக்காரர் பேருதாங்க" என்கிறாள். மாமனார் பேரை மருமகள் சொல்லமாட்டாள், புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லமாட்டாள், பின்னால் வரிசையில் இருபது பேர் நிற்கிறார்கள். கடைசியில் பேர் எழுதியிருந்த கார்டை நீட்டிய பிறகுதான் ஊசி போட்டார்கள்.

இந்த வீட்டில் அந்தப் பேரைத் தாராளமாகச் சொல்கிறவன் தமிழழகன் ஒருத்தன்தான், அதுவும் என்மேல் இருக்கிற கோபத்தில் வாசல்வரை கேட்கச் சொல்கிறான். போன வாரம் அடுத்த தெரு வெள்ளைச்சாமி கல்யாணப் பத்திரிகையோடு வாசற்படி ஏறுகிறார், உள்ளேயிருந்து இவன், "டேய் கொளஞ்சி, இன்னைக்கும் பாயை நனைச்சிட்டியாடா" என்கிறான். வெள்ளைச்சாமி என்னைப் பார்த்தார், கொடியில் காய்ந்த பாயைப் பார்த்தார், பத்திரிகையை வைத்துவிட்டுத் தண்ணிகூடக் குடிக்காமல் போயிட்டார். மறுநாள் டீக்கடையில் நாலு பேர், "சர்க்கரை எதுவும் இருக்காண்ணே, ஜெயங்கொண்டத்துல நல்ல டாக்டர் இருக்காரு" என்று அக்கறையாக விசாரிக்கிறார்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெண்கள் இரண்டு பேரும் வேறு வழியில்லாமல் த்ரிஷ்விக் த்ரிஷ்விக் என்றே கூப்பிட்டுப் பழக்கிவிட்டார்கள், உங்கள் அக்காவுக்கு அது 'திருச்சிவிக்கு' என்றுதான் வருகிறது, அதற்கும் பிள்ளை சிரித்துக்கொண்டு தவழ்ந்து போகிறது. நான் கொளஞ்சி என்று கூப்பிட்டால், இந்த மனுஷன் ஏன் தன்னையே கூப்பிட்டுக்கிறாரு என்பதுபோலப் பார்க்கிறான். பதினோரு மாசமாகத் தொண்டை வறளக் கூப்பிட்டாயிற்று. நான் போன பிறகும் இந்த வீட்டில் என் பேர் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இருக்கும்போதே கேட்கவில்லை. எனக்கு மனசு விட்டுப்போச்சு மாப்பிள்ளை. நகராட்சியில் வேலை பார்த்தவர் நீங்கள், பேர் மாற்ற என்ன மனு என்று உங்களுக்குத் தெரியும். அதை எடுத்துக்கொண்டு புதன்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள். த்ரிஷ்விக் என்றே எழுதித் தொலைக்கலாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். கொளஞ்சியப்பர் உங்கள் எல்லோரையும் நன்றாக வைத்திருக்கட்டும், என் பங்கையும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
கொளஞ்சி (பெரியவன்)

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை, உறையை ஒட்டப்போகிற நேரத்தில் எழுதுகிறேன். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த குழம்புச் சட்டியை நோக்கிப் பிள்ளை தவழ்ந்து போயிருக்கிறான். உங்கள் அக்கா கூடத்திலிருந்து பார்த்துவிட்டு, "டேய் கொளஞ்சி" என்று போட்டாள் ஒரு சத்தம். பிள்ளை அப்படியே நின்று திரும்பிப் பார்த்தான். கொல்லையில் நின்ற நான், "என்னம்மா" என்று ஓடி வந்துவிட்டேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போனவள் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் அவள் வாயால் என் பேரை இன்றைக்குத்தான் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. மனு ஒன்றும் வேண்டாம், புதன்கிழமை சும்மா சாப்பிட வாருங்கள். அடுப்பை அணைத்து, சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் விட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறேன்.