பொறும் அண்ணையின் ஏழடி பிளேட்

பனி கொட்டும் ஒரு மாரிகாலம் முழுவதையும் யோசித்தே கடத்திய மனிதர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். எதைக் கேட்டாலும் "பொறும், யோசிப்பம்" என்பார். அதனால் தொழிற்சாலையில் எங்கள் எல்லோருக்கும் அவர் பொறும் அண்ணை. தேத்தண்ணியா கோப்பியா என்று அவர் முடிவெடுப்பதற்குள் இடைவேளை முடிந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்ரௌவ்வில் என்ற சின்ன ஊருக்கு வெளியே அவர்கள் ஒரு பழைய வீடு வாங்கினார்கள். முடிவெடுத்தது அவர் மனைவி, எங்களுக்கு அக்கா. வீதியிலிருந்து வாசல்வரை சல்லிக்கல் போட்ட நீண்ட டிரைவ்வே. பழைய சொந்தக்காரர் சின்ன டிராக்டர் ஒன்றையும் விட்டுப் போயிருந்தார். பனி தள்ள அதன் பின்னால் பூட்டும் நீண்ட இரும்புத் தகடு, பிளேட் ஒன்றுதான் குறை.

சனிக்கிழமைகளில் என் காரில் பண்ணைச் சாமான் கடைக்குப் போவோம். அண்ணை ஒவ்வொரு பிளேட்டின் முன்னாலும் குந்தியிருந்து பார்ப்பார்.

"ஐஞ்சடி காணாது. சரிச்சுப் பூட்டினா அகலம் குறைஞ்சு, டிராக்டர் சில்லு ஸ்னோவை மிதிச்சுக்கொண்டு போகும்."

"அப்ப ஏழடி?"

"பாரம். டிராக்டர் தாங்காது."

"ஆறடி இருக்குதே அண்ணை!"

"அது சரியாத்தான் இருக்கு. அதுதான் யோசினையா இருக்கு."

கடைக்காரர் எங்களைக் கண்டால் கோப்பியை ஊற்றித் தந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அக்கா விடியவே மார்க்கம் நகரத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். ஒரு காலை, தள்ளாத பனியில் கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. அக்காவின் கை முறிந்தது. டோர்செட் பார்க் பகுதியில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். "பிளேட் வாங்கினாப் பிறகு வாறன். நீங்கள் ஆறுதலா யோசியுங்கோ."

அந்தச் சனிக்கிழமை காரில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் அண்ணை இப்பிடி இருக்கிறியள்?"

அண்ணை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "சண்டை நேரம் ஊரிலயிருந்து வெளிக்கிடேக்க, தம்பிக்காரன் பிறகு வரட்டும் எண்டு நான்தான் அவசரப்பட்டு முடிவெடுத்தனான். அவன் வரேல்லை."



திங்கட்கிழமை அவர் தனியாகவே கடைக்குப் போனார். ஆறடி விற்றுப் போயிருந்தது. யோசிக்காமல் ஏழடியை வாங்கிவிட்டார். பின்னேரம் நானும் போய்ப் பூட்ட உதவினேன். தூக்கியதும் டிராக்டரின் முன்சில்லுகள் மேலே கிளம்பின. அண்ணை வானத்தைப் பார்த்தபடி ஆசனத்தில் சாய்ந்து கிடந்தார். இரண்டு மூட்டை அரிசியை முன்னால் கட்டினோம். முன்சில்லு நிலத்துக்கு வந்தது. பனியோடு பாதிச் சல்லியும் புல்வெளிக்குப் போனது.

பிளேட் வாங்கிய செய்தி கேட்டு, தங்கையின் காரில் அக்கா வந்து இறங்கினார். "அரிசியை ஏனப்பா ஸ்னோவுக்குள்ளை கட்டி வைச்சிருக்கிறியள்?"

"முன்னுக்குப் பாரம் காணாது. நீர் பாத்து வாரும், வழி துப்புரவு."

அக்கா சிரிக்கத் தொடங்கி, கட்டுப்போட்ட கையோடு அழுது முடித்தார்.

அடுத்த வருஷம் பனி விழ முன்னமே அண்ணை எங்களை விட்டுப் போய்விட்டார். நெஞ்சு நோகுது என்றவரை அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட, "பொறும், பாப்பம்" என்றாராம்.

பிளேட்டை விற்றுத் தரும்படி அக்கா என்னிடம் கேட்டார். வாங்க வந்தவரிடம் பெரிய டிராக்டர் இருந்தது, பிளேட்டைப் பார்த்ததுமே அவருக்குப் பிடித்துவிட்டது. நான்தான் பக்கத்தில் நின்று, இது சரியான பாரம், கல்லையும் வாரும், இன்னும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்று அவரை மறித்துக்கொண்டிருந்தேன்.