அறை காலியில்லை என்று சொல்லிவிடு

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நீ நம்பமாட்டாய் என்பதால் இன்னொரு தடவையும் சொல்லிவைக்கிறேன், நலம். உன் வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். அடுத்த மாதம் வண்டியோடு வந்து எங்களை மூட்டை முடிச்சோடு உன் வீட்டுக்கே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாயே, அது வேண்டாம். ஆனால் நான் வேண்டாம் என்றது உன் அக்காவுக்குத் தெரியக் கூடாது. பின்னறை ஒழுகுகிறது, கரையான் பிடித்துவிட்டது, எதையாவது சொல். பொய் சொல்ல உனக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் "எங்கக்காவுக்குக் கோபமே வராது அத்தான்" என்று சொன்ன வாய்தானே அது.

நீ போனில் கூப்பிட்டபோது நான் "உங்கக்கா இஷ்டம்" என்றேன். அவள் "அவர் இஷ்டம்" என்றாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் 'அவர் இஷ்டம்' என்று சொன்ன எதுவும் என் இஷ்டப்படி நடந்ததில்லை. ஆகவே அவளுக்குத் தம்பி வீட்டு ஆசை வந்துவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவளுக்கு அந்த ஆசைகூடக் கூடாதா? எனக்குத்தான் முடியாது. பார்வை போன புதிதில் உன் வீட்டில் வந்து இருந்தேனே, தண்ணீர் குடிக்க எழுந்தால் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டீர்கள். லேப்டாப்பைத் திறந்தால் உன் வீட்டம்மா, "கண்ணுக்குச் சிரமம் அண்ணே, மூடி வைங்க" என்றாள். எந்தக் கண்ணுக்கு என்று நான் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவன்.

அந்த லேப்டாப்பில் ஸ்கிரீன் ரீடரைப் போட்டுக் கொடுத்தவனே நீதான். திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிறது என்பதால் அதற்கு 'வாயாடி' என்று பேர் வைத்திருக்கிறோம். "இலவசம் அத்தான், ஓப்பன் சோர்ஸ். உள்ளே எழுதியிருக்கிறதை யார் வேணும்னாலும் பாக்கலாம், தப்பு இருந்தா சொல்லலாம்" என்றாய். அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்தியவனிடம் சொல்கிற பேச்சா இது? வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. தினமும் ஒரு குற்றம் கண்டுபிடித்து அனுப்பினேன். வாயாடியை எழுதி உருவாக்குகிறவர்களில் ஒருவர், அவருக்கும் பார்வை கிடையாது, "நன்றி ஐயா, அடுத்ததையும் அனுப்புங்க" என்று பதில் போட்டார். உன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "சும்மா குடுக்கிறவங்களைப் போய் இந்தப் பாடு படுத்துறீங்களே!"

பழகப் பழக அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். இப்போது அது படிப்பது எனக்கு மட்டும்தான் புரியும். மற்றவர்களுக்குக் காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த சத்தம். உன் அக்கா பக்கத்திலேயே காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள், நான் அடிக்கும் ஒவ்வொரு சொல்லையும் வாயாடி கத்திக்கொண்டிருக்கிறது, நானும் தைரியமாக இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் எவ்வளவு சௌகரியமாக இருக்கிறோம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எனக்கு எதற்கு வெளிச்சம் என்று திரையை அணைத்தே வைத்திருப்பேன். மாடிவீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "அடடா, ஸ்கிரீன் செத்துப்போச்சே!" என்று பதறி, நான் தூங்கி எழுவதற்குள் உபகாரமாக ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போய்விட்டார். ரிப்பேர்க்காரர் திரையை ஒரு நொடியில் எரியவைத்துவிட்டார். உள்ளே யாரோ ஓயாமல் கத்துகிறார்களே, வைரஸ்தான் என்று வாயாடியை வழித்து எறிந்துவிட்டார். போன் போட்டேன். மறுபடி ஏற்றும் வழியை நான் சொல்லச் சொல்ல அவர் செய்வதாக ஏற்பாடு. "மவுஸை எங்க வைக்கணும் சார்?" என்கிறார். எனக்கு விசைகள்தான் தெரியும், மவுஸைக் கண்டேனா? அவருக்கோ மவுஸை விட்டால் கை ஓடாது. பார்வையில்லாதவர்கள் எழுதியதைப் பார்வையுள்ளவர் அழித்து, பார்வையில்லாத நான் வழிகாட்டித் திரும்பப் போட்டு முடிப்பதற்குள் இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில், "இது இப்படித்தான் கத்துமா சார்?" என்று கேட்டார்.

அதோடு விட்டதா? உன் அக்காவின் முதுகுவலிக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கலாம் என்று ஏதோ ஒரு கடையின் இணையதளத்துக்குள் போனேன். கண்ணுக்கு அழகாகப் படம் போட்டவர்கள், பட்டனுக்கு ஒரு பேர் எழுதிவைக்கவில்லை. வாயாடி 'பட்டன், பட்டன், பட்டன்' என்கிறது, அது வேறென்ன செய்யும்? குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினேன். தொட்டில் வந்து இறங்கியது, கொசுவலையோடு. எதிர்வீட்டுத் தையல்காரம்மா உன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வயசுலயா?" என்று கேட்டாளாம். உன் அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினாள், அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். தொட்டிலில் இப்போது வெங்காயம் தூங்குகிறது.

மைத்துனா, சிரித்தது போதும். இந்த வீட்டில் நான் முட்டிக்கொண்டால் அது என் சுவர், என் நெற்றி. உன் வீட்டில் என்னை நீங்கள் தாங்குவீர்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வைத்த இடத்தில் இருக்கும் குத்துவிளக்காகிவிடுவேன். இதை உன் அக்காவிடம் சொன்னால் எனக்காக ஆசையை முழுங்கிவிட்டு "சரி" என்பாள். அது வேண்டாம். பழி உன் பின்னறை மேலேயே விழட்டும்.

உன் குடும்பம் தழைக்கட்டும், கூரை ஒழுகாதிருக்கட்டும், ஒழுகுவதாக நீ சொல்வதை உன் அக்கா நம்பட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுறேன். அத்தான் குளிக்கப் போயிருக்கார், குழாய்ச் சத்தத்துல வாயாடி கத்துறது அவருக்குக் கேக்காது. ஊர்ல எல்லாரும் எழுதினதுலயும் பிழை பார்த்தவர், தான் எழுதினதை மட்டும் திருப்பிப் படிக்கமாட்டார், வந்ததும் அப்படியே அனுப்பிடுவார். போன வாரம் நான் எழுதினேனே, "அத்தானுக்கு அங்க வர ஆசை, எனக்கு இந்த வீட்டை விட்டு வர மனசில்லை, இடமில்லைன்னு நீயா சொல்லிடு"ன்னு, அதைக் கிழிச்சுப் போடு. நீ யார்கிட்டயும் பொய் சொல்ல வேண்டாம். வண்டியில வந்து எங்களைப் பார்த்துட்டு, வெங்காயத்தை எடுத்துட்டுத் தொட்டிலை மட்டும் ஏத்திக்கிட்டுப் போ.

வாயாடி பேசுறது எனக்குப் புரியும். முதல்ல புரியல. நாள் பூரா அவர் அதோடயே இருந்தார், வீட்டுல நான் ஒருத்தி இருக்கிறதே மறந்துட்டாரோன்னு அழுகையா வந்துச்சு. அதான் காய் நறுக்கிக்கிட்டே கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டேன். இப்பகூடத் திரை இருட்டாத்தான் இருக்கு, காதால கேட்டுத்தான் எழுதுறேன். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே. வேகத்தை இன்னும் கூட்டிடுவார்.