அழையாத சமாதானம்

"அவங்களை யாராவது கூப்பிட்டாங்களாப்பா?"

மகள் ஏழு வயதில் கேட்ட கேள்வி. அமெரிக்கா எந்தெந்த நாட்டுக்குள் படையோடு புகுந்தது என்று விவரிக்கும் புத்தகம் அன்று அப்பாவின் மடியில் இருந்தது.

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் போனாங்க?"

அவர் சிரித்து மழுப்பினார்.

மகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அவர் இன்னும் அதே வகைப் புத்தகங்களுக்கு அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்தார். இப்போது கையில் இருந்தது தலையணை கனத்தில் ஒன்று. நாளைக் காலை அச்சகம் போகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பதிப்பாளர் சொல்லிவிட்டார்.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் பேனாவை எடுத்ததும், வழக்கம்போல முற்றத்துக் குழாயடியில் கச்சேரி ஆரம்பித்தது. பக்கத்துக் குடித்தனக்காரர்களான தையல்காரரும் எலக்ட்ரீசியனும்தான்.

"என் வாளியை எவன்டா நகர்த்தினது?"

"உன் வாளி என்ன சிம்மாசனமா, நகர்த்தக் கூடாதா?"

அவர் எழுந்தார்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க," என்றாள் மனைவி.

"நல்லது செய்யத்தானே போறேன்."

புத்தகத்தில் பாதி அத்தியாயங்கள் இப்படித்தான் தொடங்கின. அது அவருக்கு உறைக்கவில்லை.

முற்றத்தின் நடுவே சாக்பீஸால் கோடு கிழித்தார். குழாய் தையல்காரர் பக்கம் விழுந்தது. எலக்ட்ரீசியன் முகம் சுருங்கியது. சரியென்று குழாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். காவலுக்குத் தம் நாற்காலியையும் கொண்டுவந்து போட்டார். இப்போது இருவருமே தண்ணீருக்கு அவர் முன்னால் நின்றார்கள்.

"அவனுக்கு ரெண்டு வாளி, எனக்கு ஒண்ணா சார்?"

"கேக்குறான் பாருங்க. இவன் வீட்டு விளக்கு எரியறதே என்னால."

"நீ போட்டிருக்கிற கால்சட்டை நான் தைச்சது. கழட்டிக் குடு."

இரண்டு கதவுகளும் அறைந்து சாத்தப்பட்டன. முற்றத்தில் மயான அமைதி. உள்ளே, திருத்தாத பக்கங்கள் காற்றில் படபடத்தன.

தையல்காரரின் மனைவி காலி வாளியோடு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"சாவியைக் குடுத்துடுங்க சார்."

"மறுபடி அடிச்சுக்குவாங்களேம்மா."

"இத்தனை நாள் அடிச்சுக்கிட்டது பொய் சார். மனுஷன் சாப்பிட்டதும் புத்தகத்து மேலயே தூங்கிடறாரு, வேலை போயிடும், கொஞ்சம் சத்தம் போடுங்கன்னு உங்க வீட்டு அக்காதான் கேட்டுக்கிட்டாங்க. இன்னைக்குத்தான் நிஜமாவே பேச்சு நின்னு போச்சு."

வாளியை அங்கேயே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி உள்ளே போனாள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாருமில்லை. பூட்டைக் கழற்றினார். கோட்டை ஈரத்துணியால் துடைத்தார். நாற்காலியை உள்ளே கொண்டுபோய்ப் போட்டார். இரு வீட்டு வாளிகளையும் தளும்பத் தளும்ப நிரப்பி, அவரவர் வாசலில் வைத்து, கதவுகளைத் தட்டிவிட்டு, அந்த வயதிலும் பூனைபோல உள்ளே ஓடிவந்து நாற்காலியில் விழுந்தார்.

"நீதானேடா தண்ணி வெச்சே?"

"நானா? நீ வெச்சுட்டு நடிக்காதே."

"பொய் சொல்லாதடா."

சத்தம் பலமாகத்தான் இருந்தது. அவர் கடவுளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சிவப்புப் பேனாவைத் திறந்தார்.