குளியலறையில் ஊறிய சடை

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். கப்பலில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அத்தை கேட்கச் சொன்னாள். உங்கள் மனைவியும் சௌக்கியம்தான். நேற்றுக் காலை மட்டும் இல்லை. அதற்குக் காரணம் நான்.

கடல் தண்ணீரில் யுரேனியம் இருக்கிறதாம், ஒரு டன்னுக்கு ஒரு கடுகு எடை. உங்களுக்குத் தெரிந்ததுதான், இப்போது எனக்கும் தெரியும். அதை ஒட்டிப் பிடிக்கிற மருந்தை நாரில் ஏற்றி, சடையாகப் பின்னி, உங்கள் மனைவி கடலில் தொங்கவிட்டிருந்தாளே, அதை முந்தாநாள் மாலை வெளியே எடுத்தாள். இந்தத் தடவையும் ஒன்றும் பிடிக்கவில்லையென்றால் வேலையையே இழுத்து மூடிவிடுவதாகப் பெரிய அதிகாரி சொல்லியிருந்தார். ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடந்ததால் வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறையில் வைத்தாள். ஆயுசு பூரா சலவைக்கடை நடத்தியவன் கண்ணில் பாசியும் சிப்பியும் அப்பிய அழுக்கு மூட்டை பட்டால் கை சும்மா இருக்குமா? தரை துடைக்கிற மாப்னு நினைச்சுட்டேன் மாப்பிள்ளை. காலையில சலவை சோடா போட்டு ஊறவச்சு, கும்மு கும்முன்னு கும்மி, கொடியில காயப்போட்டுட்டேன். வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. பெருமையா அவளையே கூப்பிட்டுக் காட்டினேன். அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. அது மாப் இல்ல, கடல்ல கிடந்த சடைன்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. "எதுல ஊறவச்சீங்கப்பா?"ன்னா. சோடாவுலன்னேன். சட்டுனு எழுந்தா.

"ஊறவச்ச தண்ணி எங்க?"

சலவைக்காரன் முதல் தண்ணியை என்னைக்குக் கொட்டியிருக்கான்? கக்கூஸ் கழுவ எடுத்து வச்சிருந்தேன். சடையில பிடிச்ச யுரேனியத்தைக் கழட்ட அவங்களும் இந்தச் சோடாவைத்தான் போடுவாங்களாம். அப்போ எல்லாம் வாளியிலதான் இருக்கணும்னு சொல்லி, மூடியைப் போட்டு, கைக்குழந்தை மாதிரி இடுப்புல வச்சுக்கிட்டு வண்டி ஏறி ஆய்வுக்கூடத்துக்குப் போனா. ஆக நான் பாதி விஞ்ஞானி ஆயிட்டேன். அத்தைதான் ஒத்துக்க மாட்டேங்கிறா.

அலை அடங்கி, காற்று ஒத்துழைத்து, நீங்கள் நல்லபடியாகக் கரை சேர வாழ்த்தும்,

மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவளே போன் செய்தாள். வாளியில் உப்பு, பாசி, என் சோடா. யுரேனியம் பேருக்குக்கூட இல்லையாம். நான் இடிந்துபோனால், அவள் சிரிக்கிறாள். கடலில் தொங்கியது இரண்டு சடையாம். ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க மருந்து ஏற்றாத வெறும் நார். அவசரத்தில் அதைத்தான் வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறாள். அசல் சடை அவர்கள் கடலுக்குப் போய்வந்த படகிலேயே பாசியோடு பத்திரமாகக் கிடந்திருக்கிறது, யுரேனியமும் நன்றாகவே பிடித்திருக்கிறது. வெறும் நாரில் ஒன்றுமில்லை என்பதும், பிடித்தது மருந்துதான் என்று காட்ட அவர்களுக்கு வேண்டிய சாட்சிதானாம். அடுத்து பெரிய வலையாகவே போடச் சொல்லிவிட்டார் அதிகாரி. அதை மட்டும் என் கண்ணில் காட்ட மாட்டாளாம்.