கடைசி இரண்டு எண்கள்

அந்த மத்தியானம் கடையில் இருந்தது மூன்று பேர்: அக்கா, மச்சான், நான். இல்லாதது, நான் எழுதிய கணினி நிரலைச் சரிபார்க்கத் தெரிந்த ஓர் ஆள். (எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். ஆகவே என் தப்பைக் கண்டுபிடிக்கவும் என்னையேதான் கூப்பிட வேண்டியிருந்தது.)

மச்சான் பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டு, அக்காவின் நகையை அடகு வைத்து, விஸ்வநத்தம் ரோட்டில் சொந்தக் கடை போட்டிருந்தார். முதல் தீபாவளி சீசன். நகை திரும்புவது அந்த சீசன் கையில் இருந்தது. பட்டாசை இணையத்தில் நேராக விற்கக் கூடாது. வாங்குகிறவர்கள் நான் செய்து கொடுத்த இணையப் பக்கத்தில் வேண்டியதைக் குறித்து, பெயரும் போன் நம்பரும் கொடுப்பார்கள். நாங்கள் கூப்பிட்டுப் பேசினால்தான் ஆர்டர். நம்பர் போனால் ஆளே போச்சு.

அந்த நம்பரைச் சரிபார்க்க ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற சூத்திரம் எழுதினேன். முதல் எண் ஆறிலிருந்து ஒன்பதுக்குள், பின்னால் ஒன்பது எண்கள். ஒரே வரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். கைதவறி ஒரு எண் கூடுதலாக அடித்துவிட்டால் பாவமே என்று, குறிகளையும் இடைவெளிகளையும் நீக்கி, முதல் பத்து எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டவும் ஏற்பாடு செய்தேன். (இரக்க குணம்.)

அக்கா முதல் நம்பரைக் கூப்பிட்டாள். எடுத்த பெரியவர், தான் வெடியே கேட்கவில்லை, மத்தாப்பு கொளுத்தினாலே தன் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும் என்றார். அக்கா விடவில்லை.

"நாய்க்குத் தெரியாமக் கேட்டுட்டு இப்ப இல்லேங்கீகளா?"

அடுத்தது இந்தி. அதற்கடுத்த நம்பர் உபயோகத்திலேயே இல்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, மச்சான் அடுக்கி வைத்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பைப் பார்க்க முடியாமல் நான் திரையைப் பார்த்தேன். தகராறு செய்த நம்பர் எல்லாம் 91-இல் தொடங்கின.

பலருடைய போன், நம்பரைத் தானாகவே +91 சேர்த்து நிரப்பிவிடுகிறது. என் நிரல் கூட்டல் குறியை எடுத்தது, 91-ஐ வைத்துக்கொண்டது, கடைசி இரண்டு எண்களை வெட்டியது. ஒன்பதில் தொடங்கும் பத்து எண்கள். என் சோதனையில் கம்பீரமாகத் தேறின. (நான் சோதித்தபோதெல்லாம் என் நம்பரைக் கையால், பத்தே எண்களாக அடித்திருந்தேன்.)

சொன்னேன்.

"மிச்ச ரெண்டு நம்பர் எங்கலே?"

"வெட்டிட்டேன்க்கா."

"வெட்டுனத எங்கன போட்ட?"

எங்கும் போடவில்லை. வெட்டியதைச் சேமிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு எண்கள் தெரியாவிட்டால், ஓர் ஆளைப் பிடிக்க நூறு நம்பர் கூப்பிட வேண்டும். அக்கா பெரிய ஆர்டரை எடுத்து, முன்னாலிருந்த 91-ஐ விட்டு, கடைசியில் பூஜ்யம் பூஜ்யம் போட்டுத் தொடங்கியேவிட்டாள். மச்சான் இன்னொரு போனை எடுத்தார். திட்டு வாங்கினோம். நாங்கள் தவறாகக் கூப்பிட்ட ஒரு அம்மா கம்பி மத்தாப்பு என்ன விலை என்று கேட்டு, வாங்கவும் செய்தார். உண்மையான ஆட்களில் சிலர் கிடைத்தார்கள். அவர்களிலும் பலர், நாங்கள் கூப்பிடவில்லையே என்று வேறு கடையில் வாங்கிவிட்டிருந்தார்கள்.

நகை அந்தத் தீபாவளிக்குத் திரும்பவில்லை, பொங்கல் தாண்டித்தான் வந்தது. "அடுத்த வருசமும் நீதான் மாப்ள செஞ்சு தரணும்" என்றார் மச்சான். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

கைவிட்டுப் போன ஆர்டர்களை அக்கா கூட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நேற்றுகூட அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏலே முப்பத்தெட்டாயிரத்து நானூறு, சோறு ஆறுது, வா."